தணலை மறைத்துச் சமைப்பது: கமாடோ அடுப்பு பற்றி வாசகர் கேள்விகள்

முட்டை வடிவில், தடித்த பீங்கான் சுவரோடு, மூடி வைத்துச் சமைக்கும் கரி அடுப்புக்குக் கமாடோ என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இருந்த அமெரிக்க வீரர்கள், அங்கே சோறு ஆக்கப் பயன்பட்ட அடுப்புகளைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1974இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் எட் ஃபிஷர் தொடங்கிய 'பிக் கிரீன் எக்' அதைப் பீங்கானில் செய்து பரப்பியது. 'கமாடோ ஜோ', 'பிரைமோ' ஆகிய கம்பெனிகளும் அதே மாநிலத்தில் தொடங்கியவை. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, தணலுக்கும் உணவுக்கும் நடுவே கல்லை வைத்துச் சமைப்பது பற்றியவை. கீழே வரும் அளவுகள் 18 அங்குலக் கம்பித்தட்டு உள்ள அடுப்புக்கு. சூடு எல்லாம் செல்சியஸில்.

கே: புதிதாக கமாடோ வாங்கியிருக்கிறோம். ஆட்டுத் தொடையை முழுசாக மெதுவாக வேகவைக்க ஆசை. கரி எவ்வளவு, எங்கே பற்றவைப்பது, கல்லை எப்போது வைப்பது என்று முதலிலிருந்து சொல்லுங்கள். (கோவை)

ப: முதல் வேலை சாம்பல். போன தடவை மிஞ்சிய கரியை எடுத்து ஓரமாக வையுங்கள். கரி போடும் உள்கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஓட்டைத் தட்டைப் பாருங்கள். ஓட்டை ஒவ்வொன்றும் திறந்திருக்க வேண்டும். அடியில் காற்று நுழையும் கீழ்க்கதவு வழியாகச் சாம்பலை முழுக்க இழுத்து எடுத்துவிடுங்கள். காற்று அந்த ஓட்டைகள் வழியாகத்தான் கரிக்குப் போகிறது. ஐந்தாறு ஓட்டை அடைத்திருந்தால் நாலாவது மணி நேரத்தில் தெரியவரும்.

அடுத்து கரி. கைமுட்டி அளவுள்ள பெரிய கட்டிகளை அடியில் அடுக்குங்கள். அதன்மேல் நடுத்தரத் துண்டுகள். சின்னத் துண்டுகளை மேலே, இடுக்குகளில். தூளைப் போடவே வேண்டாம். உள்கிண்ணமும் அதன்மேல் உட்காரும் வளையமும் சேரும் கோடு வரை நிரப்பினால் மூன்றிலிருந்து மூன்றரை கிலோ பிடிக்கும். ஆறு மணி நேரச் சமையலுக்கு இவ்வளவு வேண்டுமா என்று தோன்றும். கரி கூடினால் சூடு கூடிவிடாது. சூட்டைத் தீர்மானிப்பது காற்று. மிச்சம் அடுத்த தடவைக்கு ஆகும். ஆனால் நடுவில் கரி தீர்ந்தால் இறைச்சி, தட்டு, கல் எல்லாவற்றையும் சூட்டோடு தூக்கி வெளியே வைக்க வேண்டியிருக்கும்.

புகை மணத்துக்குக் காய்ந்த மரக்கட்டை மூன்று துண்டு, முட்டி அளவு. மாமரமும் கொய்யாவும் நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பவை, ஆட்டிறைச்சிக்கு நன்றாகப் பொருந்துபவை. ஒன்று நடுவில், மற்றவை சற்றுத் தள்ளி, கரிக்குள் பாதி புதைந்தபடி இருக்கட்டும். தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். ஈரம் போகும்வரை வருவது நீராவிதான். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், பைன், யூகலிப்டஸ் ஆகியவற்றை அடுப்புக்கு அருகில் கொண்டுவராதீர்கள்.

பற்றவைப்பது நடுவில், ஒரே ஒரு இடத்தில். இதுதான் மெதுச்சமையலின் உயிர். சமையல் எண்ணெயில் தோய்த்த பஞ்சு உருண்டை ஒன்று போதும். மண்ணெண்ணெய், பெட்ரோல், லைட்டர் திரவம் எதுவும் கூடாது. பீங்கான் அதை உறிஞ்சிக்கொண்டு பல சமையல்களுக்கு வாடை விடும். சூடமும் வேண்டாம், கரும்புகையும் மணமும் கரியில் தங்கிவிடும். கீழ்க்கதவை முழுக்கத் திறந்து, மூடியையும் திறந்து வைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். ஒரு கையளவு கரி நன்றாகக் கனிந்தால் போதும். மேற்பரப்பு முழுவதும் சிவக்கவிட்டால் அது நேரடியாகச் சுடுவதற்கான தீ ஆகிவிடும். அதை 110 டிகிரிக்கு இறக்குவது பெரும்பாடு.

தணலை மறைக்கும் தடுப்புக்கல்லை இப்போதே வையுங்கள். சூடு ஏறியபிறகு வைக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். குளிர்ந்த கல் சுவரின் சூட்டை வாங்கிக்கொண்டு, மூடியில் உள்ள தெர்மாமீட்டரின் முள் இறங்கி, நீங்கள் காற்றைக் கூட்டி, அரை மணி கழித்து எல்லாம் எகிறிப்போகும். மூன்று கால் உள்ள கல்லானால் கால்கள் மேல்நோக்கி இருக்க வேண்டும். கம்பித்தட்டு அந்தக் கால்கள் மேல் உட்காரும். கல்லுக்கும் கரிக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். கல்லின்மேல், ஒரு செ.மீ. உயர்த்தி, கொழுப்பு விழும் சொட்டுத்தட்டு, அதற்கு மேலே கம்பித்தட்டு. மூடியை மூடுங்கள்.

மூடியின் உச்சியில் புகை வெளியேறும் மேல்திறப்பு முழுக்கத் திறந்திருக்க, கீழ்க்கதவு 5 செ.மீ. முள் 80-ஐத் தொட்டதும் கீழே 2 செ.மீ.க்குக் குறைத்து, மேலே பாதியாக்குங்கள். 95 ஆனதும் கீழே 1 செ.மீ., மேலே கீற்றளவு. இனி கையை எடுத்துவிடுங்கள். முள் மெதுவாக 110, 115 என்று ஏறி நிற்கும். அதன்பிறகும் கால் மணி, அரை மணி விடுங்கள். பற்றவைத்ததிலிருந்து மொத்தம் ஒரு மணி நேரம் ஆகும். பேக்கரி விறகு அடுப்பு வேலை செய்வதும் இப்படித்தான்: ரொட்டியை வேகவைப்பது தீ அல்ல, சூடேறிய சுவர். அந்தச் சுவர் முழுக்க சூடேறும்வரை முள் காட்டும் எண்ணை நம்பமுடியாது.

புகையையும் பாருங்கள். தொடக்கத்தில் வெள்ளையாக, கெட்டியாக, கண்ணைக் கரிக்கும்படி வரும். அந்தப் புகையில் இறைச்சியை வைத்தால் நாக்கில் கசக்கும். அது மெலிந்து, லேசான நீலமாகி, வெயிலில் கண்ணுக்கே தெரியாத அளவு ஆனபின் இறைச்சியை வையுங்கள். வைத்ததும் முள் இறங்கும். திறப்புகளைத் தொடவேண்டாம், இருபது முப்பது நிமிடத்தில் தானே ஏறிவிடும்.

இரண்டு கிலோ எலும்போடு கூடிய தொடைக்கு 110 முதல் 120 டிகிரியில் ஐந்து முதல் ஆறு மணி நேரம். நம் வெள்ளாட்டுத் தொடையில் கொழுப்பு குறைவு. கடைசிவரை திறந்தபடி வைத்தால் காய்ந்துவிடும். மூன்று மணி நேரம் போய், உள்சூடு 70 ஆனபின் கால் டம்ளர் எலும்புச் சாறு ஊற்றி ஃபாயில் தாளில் இரட்டையாகச் சுற்றுங்கள். உள்சூடு 92 முதல் 95 வரும்போது கம்பி குத்தினால் தடையில்லாமல் இறங்கும். இறக்கி, சுற்றியபடியே முக்கால் மணி ஆறவிட்டுப் பிரியுங்கள். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் பின்தொடையைவிட முன்கால், தோள் பகுதி இந்தச் சமையலுக்கு மேல். சவ்வு அதிகம் உள்ள கறிதான் மெதுச்சூட்டில் உருகி மெத்தென்று ஆகும்.

கே: 110 வேண்டும் என்று தொடங்கினால் 160 போய் நிற்கிறது. திறப்புகளை எவ்வளவு மூடினாலும் இறங்குவதில்லை. மூடியைத் திறந்து ஆறவிடலாமா? (ஸ்கார்பரோ, கனடா)

ப: திறக்காதீர்கள். மூடியைத் திறந்தால் கரிக்கு வேண்டிய மட்டும் காற்று கிடைத்து, கனியாத கரியும் பற்றிக்கொள்ளும். மூடியபின் முள் முன்னைவிட மேலே போகும்.

இறங்காததற்குக் காரணம் சுவரின் கனம். தகர அடுப்பில் காற்றைக் குறைத்தால் சில நிமிடத்தில் சூடு குறையும். இங்கே பீங்கான் வாங்கிவைத்த சூட்டை மணிக்கணக்கில் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கமாடோவில் சூட்டை ஏறும்போதே பிடிக்க வேண்டும், வேண்டிய சூட்டுக்கு 15 டிகிரி முன்பாகவே.

இப்போது 160இல் நிற்கிறது என்றால் கீழ்க்கதவை 3, 4 மி.மீ. அளவுக்குக் கொண்டுவாருங்கள், மேலே மிகச் சிறு கீற்று. முழுக்க மூடினால் தீ திணறி, அழுக்குப் புகை கக்கும். உள்ளே இறைச்சி இருந்தால் அது கெட்டது. ஒரு மணிக்கும் மேல் பொறுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான கறிக்கு 130, 135 எந்தக் குறையும் செய்யாது. அங்கே நிலைத்து நின்றால் அதிலேயே சமையுங்கள், நேரத்தை மட்டும் சுருக்கிக்கொள்ளுங்கள். 110க்கு இறக்கியே தீருவேன் என்று மல்லுக்கட்டுவதைவிட அது நல்லது.

மிகக் குறைத்தும் 140க்குக் கீழே வரவே மறுத்தால் காற்று வேறு வழியாக நுழைகிறது. மூடி விளிம்பில் காற்று புகாமல் ஒட்டியிருக்கும் நாடாவை, அதாவது கேஸ்கெட்டைச் சோதியுங்கள். ஒரு காகிதக் கீற்றை விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் எட்டு இடத்தில் இப்படிச் செய்யுங்கள். தடையில்லாமல் வழுக்கி வரும் இடத்தில் கேஸ்கெட் கருகியிருக்கிறது, அல்லது மூடி சரியாக உட்காரவில்லை. மூடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் உலோகப் பட்டையின் திருகுகளைத் தளர்த்தி மூடியை நேராக உட்காரவைத்து இறுக்கினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

கே: என் அடுப்போடு தடுப்புக்கல் வரவில்லை. தனியாக வாங்க விலை அதிகம். வீட்டில் பழைய இரும்புத் தோசைக்கல் இருக்கிறது. அது ஆகுமா? (மதுரை)

ப: ஆகும். வார்ப்பிரும்புக் கல் என்றால் இன்னும் நல்லது. இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அகலம். கல்லின் விளிம்புக்கும் வளையத்தின் உட்சுவருக்கும் இடையே சுற்றிலும் 2 முதல் 4 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். சூடு அந்த வழியாகத்தான் மேலே ஏறி, மூடியில் பட்டுத் திரும்பி உணவின்மேல் இறங்குகிறது. இடைவெளி இல்லாமல் அடைத்தால் தீ மூச்சுமுட்டும். இரண்டாவது, இரும்பு தன் சூட்டை மேலே வேகமாக வீசும். அதனால் கல்லின்மேல் நேராகச் சொட்டுத்தட்டை வைக்காமல் ஒரு செ.மீ. உயர்த்தி வையுங்கள், கம்பித்தட்டையும் முடிந்தவரை மேலே ஏற்றுங்கள். பிளாஸ்டிக் கைப்பிடி, நான்ஸ்டிக் பூச்சு உள்ளது எதுவும் கூடாது.

உலைக்களங்களுக்கு விற்கும் தீச்செங்கல்லின் மெல்லிய வகை கிடைத்தால் அதுவும் சரி. இரண்டாவது கம்பித்தட்டு ஒன்றின்மேல் பரப்பிவிடலாம். வீடு கட்டும் சிவப்புச் செங்கல்லைப் பயன்படுத்தாதீர்கள். அது குடித்திருக்கும் தண்ணீர் சூட்டில் ஆவியாகி, கல் வெடித்துச் சிதறலாம். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டும் இப்படித்தான் விரிசல் விடும். பளபளப்புப் பூச்சு உள்ள தட்டானால் அந்தப் பூச்சில் ஈயம் இருக்கவும் வாய்ப்புண்டு.

கே: எங்கள் பக்கம் சீமைக்கருவேலக் கரிதான் மலிவு. வெளிநாட்டு வீடியோக்களில் ஓக், ஹிக்கரி என்கிறார்கள். இதைப் பயன்படுத்தலாமா? கொட்டாங்குச்சிக் கரி? (ராமநாதபுரம்)

ப: தாராளமாக. அமெரிக்காவின் டெக்சாஸிலும் மெக்சிகோவின் சொனோராவிலும் பேர்போன மெஸ்கீட் கரி, சீமைக்கருவேலத்தின் உடன்பிறந்த இனங்களிலிருந்து வருவதுதான். நன்றாகச் சூடேறும், நீண்டநேரம் நிற்கும். ஒரு குணம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: பற்றும்போது படபடவென்று பொறி தெறிக்கும். முதல் பத்து நிமிடம் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

மூட்டையை அப்படியே கொட்டாதீர்கள். நம் கரி மூட்டையின் அடியில் தூளும் மண்ணும் நிறைய இருக்கும். பெரிய ஓட்டைச் சல்லடையில் சலித்து, 3 செ.மீ.க்குக் கீழே உள்ளதை ஒதுக்குங்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே பழுப்பாக இருக்கும் துண்டு சரியாகக் கரியாகாதது. அது கெட்டியாகப் புகையும். நன்றாக எரித்த கரியைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

கொட்டாங்குச்சிக் கரி சூடு அதிகம் தரும், ஆனால் துண்டுகள் மெல்லியவை, வளைந்தவை. ஒன்றுக்குள் ஒன்று படிந்து காற்றை அடைத்துவிடும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். முழுக்க அதையே நிரப்பாமல், மேலே ஒரு கை பரப்பிப் பற்றவைக்கப் பயன்படுத்துங்கள். மாவுபிடித்து அழுத்திச் செய்த ப்ரிக்கெட் கரி, குறிப்பாக மலிவு வகை, சாம்பல் அதிகம் விடும். கமாடோவின் சின்ன அடித்தட்டை அது நாலைந்து மணி நேரத்தில் மூடிவிடும்.

கே: மூடியில் உள்ள தெர்மாமீட்டர் 120 காட்டுகிறது. கம்பித்தட்டில் வைத்த டிஜிட்டல் மீட்டர் 103 காட்டுகிறது. எது சரி? கொதிநீரில் சோதித்தால் இரண்டுமே 100 காட்டவில்லை! (உதகமண்டலம்)

ப: உங்கள் ஊரில் தண்ணீர் 100இல் கொதிப்பதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். அங்கே கொதிநிலை 92, 93 டிகிரிக்குப் பக்கம். மீட்டர் அந்த எண்ணைக் காட்டினால் பழுதில்லை. முள் வகை மீட்டரின் பின்புறம் சின்ன நட்டு இருக்கும். கொதிநீரில் முனையை வைத்தபடியே அதைத் திருப்பிச் சரிசெய்யலாம். முனை பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது.

இரண்டு மீட்டருக்கும் வித்தியாசம் இருப்பது இயல்பு. தடுப்புக்கல் வைத்திருக்கும்போது சூடு ஓரமாக ஏறி மூடிக்குப் போகிறது. அதனால் மூடிப்பகுதி முதல் இரண்டு மணி நேரம் 10 முதல் 20 டிகிரி வரை கூடுதலாகவே இருக்கும். போகப்போக வித்தியாசம் குறையும். சமையல் குறிப்பு எந்த மீட்டரைச் சொல்கிறதோ அதையே கடைசிவரை பாருங்கள், இரண்டுக்கும் நடுவே தாவாதீர்கள். கம்பித்தட்டு மீட்டரை இறைச்சியிலிருந்து 4, 5 செ.மீ. தள்ளி, கல்லுக்கு நேர்மேலே வையுங்கள். குளிர்ந்த கறியை ஒட்டி வைத்தால் குறைத்துக் காட்டும். கல்லின் ஓர இடைவெளிக்கு மேலே வைத்தால் எகிறிக் காட்டும். பெரிய கோழியோ வான்கோழியோ வைக்கும்போது மூடி மீட்டரின் முனை கறிக்குள் குத்திக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படிக் குத்தினால் முள் 70இல் உட்கார்ந்து கொள்ளும், நீங்கள் காற்றைத் திறந்துகொண்டே போவீர்கள்.

கே: அடுக்குமாடி வீட்டு பால்கனியில், கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்துச் செய்யலாமா? (சென்னை)

ப: கூடாது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும்; அதற்கு நிறமோ மணமோ இல்லை. பால்கனியிலிருந்து வீட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். சமைத்து முடித்து மூடிவைத்த அடுப்பும் மணிக்கணக்கில் வாயு விடும். மொட்டைமாடியில் அனுமதி இருந்தால், சுவரிலிருந்து தள்ளி, மேலே கூரை இல்லாத இடத்தில் வையுங்கள். மரமேசைமேல் நேரடியாக வைப்பதும் ஆபத்து. அடியில் சிமென்ட் பலகையோ கருங்கல்லோ வைத்து, அதன்மேல் சின்னப் பீங்கான் கால்கள் வைத்துக் காற்று போக வழிவிடுங்கள்.

கே: ஐந்து மணி நேரம் நன்றாக இருந்த தீ, பிறகு தானே இறங்கி 80க்குப் போய்விடுகிறது. உள்ளே கரி மீதி இருக்கிறது. ஏன்? (மெல்பர்ன்)

ப: கரி மீதி இருந்தும் தீ இறங்குகிறது என்றால் காற்று போகவில்லை. சின்னத் துண்டுகள் சரிந்து அடித்தட்டின் ஓட்டைகளில் உட்கார்ந்திருக்கும், அல்லது சாம்பல் மூடியிருக்கும். 3 மி.மீ. கம்பியின் நுனியை இரண்டு செ.மீ. மேல்நோக்கி மடக்கிக்கொள்ளுங்கள். கீழ்க்கதவு வழியாக அதை நுழைத்து, ஓட்டைகளைக் கீழிருந்து மேலாகக் குத்திவிடுங்கள். மூடியைத் திறக்கவே வேண்டாம். கால் மணியில் முள் ஏறத் தொடங்கும். குத்தியவுடன் திறப்புகளையும் அகலமாக்கிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் 160க்குப் போய்விடும். மேல்திறப்பின் கீற்றில் புகைப்பிசின் படிந்து அடைத்திருக்கவும் கூடும், அதையும் பாருங்கள்.

விக்டோரியாவில் இருக்கிறீர்கள்: முழுத் தீத்தடை அறிவித்த நாளில் கரி, விறகு அடுப்பு எதையும் வெளியில் பற்றவைக்க அனுமதி இல்லை. நீண்ட சமையலுக்கு முந்தின நாள் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

கே: கறி நன்றாக வெந்தாலும் சொட்டுத்தட்டில் விழும் கொழுப்பு கருகி, எல்லாவற்றிலும் ஒரு கசப்பு. தட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டுமா? (லண்டன்)

ப: தட்டு கல்லின்மேல் நேராக உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறோம். கல்லின் சூடு 200 டிகிரியையும் தாண்டும். தட்டில் விழும் கொழுப்பு அங்கே பொரிந்து, கருகி, அந்தப் புகை கறியில் படிகிறது. ஃபாயில் தாளைக் கோலிக்குண்டு அளவில் நாலு உருண்டையாக இறுக்கி, தட்டின் நாலு மூலையிலும் அடியில் வையுங்கள். ஒரு செ.மீ. காற்று இடைவெளி போதும், கருகல் நின்றுவிடும்.

கமாடோவில் காற்றோட்டம் மிகக் குறைவு என்பதால் கறியின் ஈரம் உள்ளேயே தங்கும். ஈரப்பதத்துக்காகத் தண்ணீர் வேண்டியதில்லை. சொட்டும் சாறை எடுத்துக் குழம்பு வைக்க விரும்பினால் அரை லிட்டர் வெந்நீர் ஊற்றி வையுங்கள். சமையல் நடுவே குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு வாய் சிந்தி சூட்டுக்கல்லில் பட்டால் கல் இரண்டாகப் பிளந்துவிடும்.

தட்டு கல்லைவிட அகலமாக இருக்கக்கூடாது. கறியும் அப்படித்தான், கல்லின் நிழலைத் தாண்டி வெளியே நீளும் பகுதி கருகும். மூன்று கால் கல்லில் மூன்று இடைவெளிகள் உண்டு. நீளமான கறியை வைக்கும்போது இரு முனைகளும் கால்களுக்கு மேலே வரும்படி திருப்பி வையுங்கள்.

கே: கோழியை முழுசாக 115இல் மூன்று மணி நேரம் வைத்தோம். உள்ளே பஞ்சாக இருந்தது, தோல் மட்டும் ரப்பர். (சிங்கப்பூர்)

ப: கோழிக்கு அந்தச் சூடு போதாது. தோலின் கொழுப்பு உருகி மொறுமொறுப்பாக வேண்டுமானால் 180 முதல் 190 தேவை. கல் அதேபடி இருக்கட்டும். கீழ்க்கதவு 3, 4 செ.மீ., மேலே மூன்றில் ஒரு பங்கு. ஒன்றரை கிலோ கோழிக்கு ஒரு மணி பத்து நிமிடம் முதல் ஒன்றரை மணி வரை. தொடையின் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல், 74க்கு மேலே காட்ட வேண்டும். முந்தின இரவே உப்பு தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் காய்ந்திருக்கும். தயிர் மசாலா பூசினால் மொறுமொறுப்பு வராது. மசாலாவைத் தோலுக்கு அடியில் தடவுங்கள். இதே சூட்டில் சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் பக்கத்தில் வையுங்கள், ஒரு மணி நேரத்தில் தேன்போல் ஒழுகும்.

கே: பன்றித் தோள்கறி 3½ கிலோ. 68 டிகிரி வந்தபின் மூன்று மணி நேரம் அசையவே இல்லை. கரியைக் கூட்டட்டுமா? (மார்க்கம், கனடா)

ப: எதையும் கூட்டாதீர்கள். 65க்கும் 75க்கும் நடுவே பெரிய கறித்துண்டு எல்லாமே இப்படி நிற்கும். உள்ளிருந்து வரும் ஈரம் மேற்பரப்பில் ஆவியாகும்போது, உள்ளே ஏறும் சூட்டுக்குச் சமமாக வெளியே குளிர்ச்சி உண்டாகிறது. மேற்பரப்பு காய்ந்தபின் தானே நகரும். காத்திருக்க நேரமில்லை என்றால், மேலே கருஞ்சிவப்பு ஏறி, விரலால் உரசினால் மசாலா வராத நிலையில் ஃபாயிலிலோ கறிக்கடைக் காகிதத்திலோ (புட்சர் பேப்பர்) இறுக்கிச் சுற்றுங்கள். ஆவியாதல் நின்று சூடு ஏறும். காகிதத்தில் சுற்றினால் மேல்தோல் ஊறிப்போகாது. 115இல் மொத்தம் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் கணக்கு வையுங்கள். விருந்துக்கு இரண்டு மணி முன்பே முடியும்படி தொடங்குங்கள். சுற்றிய கறியைத் துண்டில் பொதிந்து காலி ஐஸ் பெட்டியில் வைத்தால் அந்த இரண்டு மணி நேரமும் சூடாகவே இருக்கும்.

கே: சமைத்து முடித்துத் திறப்புகளை மூடினேன். ஏதோ மறந்து மூடியைத் தூக்கியதும் தீ குப்பென்று வெளியே அடித்து, கை முடி பொசுங்கிவிட்டது. (திருச்சி)

ப: உள்ளே காற்று தீர்ந்து, எரியாத வாயு நிறைந்திருக்கும்போது திடீரென்று காற்றைக் கொடுத்தால் அது ஒரே நொடியில் பற்றும். 200 டிகிரிக்கு மேல் இருக்கும்போதும், திறப்புகளை மூடிய பிறகும் இந்த ஆபத்து அதிகம். முதலில் கீழ்க்கதவையும் மேல்திறப்பையும் சற்றுத் திறங்கள். மூடியை 3 செ.மீ. தூக்கி, ஐந்து நொடி அப்படியே பிடித்து, இறக்குங்கள். இரண்டு மூன்று தடவை செய்தபின், முகத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு மெதுவாக முழுக்கத் திறங்கள். பீட்சாவுக்கு 300 டிகிரியில் அடிக்கடி திறக்கும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும். நீளமான தோல் கையுறை போடுங்கள்; நைலான் சட்டை வேண்டாம்.

கே: இரண்டு மழைக்காலமும் எங்கள் ஊரில் உண்டு. ஒரு மாதம் கழித்துத் திறந்தால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை. சோப்புப் போட்டுக் கழுவலாமா? உள்கிண்ணத்தில் விரிசலும் தெரிகிறது. (நாகர்கோவில்)

ப: சோப்பு வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். உள்பீங்கானுக்குப் பூச்சு கிடையாது, எல்லாவற்றையும் உறிஞ்சும். பூஞ்சை பிடித்த பழைய கரியை வீசிவிடுங்கள். கம்பித்தட்டையும் கல்லையும் உள்ளேயே வைத்து, புதுக்கரி கொஞ்சம் போட்டு, முதலில் 100, 120 டிகிரியில் ஒரு மணி நேரம் விடுங்கள். ஊறிய பீங்கானை ஒரேயடியாகச் சூடேற்றினால் ஈரம் ஆவியாகி விரிசல் விடும். காய்ந்தபின் 300 வரை ஏற்றி அரை மணி. ஆறியபின் தூரிகையால் தேய்த்து, உதிர்வதைக் கூட்டி எடுங்கள். இனி மழைக்காலத்தில் மேல்திறப்புக்குமேல் மழை படாமல் மறைத்து, திறப்புகளைச் சற்றே திறந்து வையுங்கள். காற்றாடினால் பூஞ்சை வராது. கரியையும் உள்ளே விட்டுவைக்காமல் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

உள்கிண்ணத்தின் விரிசல் பெரும்பாலும் சூட்டில் விரிவதால் வருவது. துண்டுகள் இடத்தைவிட்டு நகராமல் நிற்கும்வரை சமையலுக்கு ஒன்றும் ஆகாது. பல கம்பெனிகள் பீங்கானுக்கு நீண்டகால உத்தரவாதம் தருகின்றன. படம் எடுத்துக் கேளுங்கள். விரிசல் வெளிச்சுவரிலோ மூடியிலோ இருந்தால் மாற்றும்வரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். உள்கிண்ணத்தை வைக்கும்போது அதற்கும் வெளிச்சுவருக்கும் நடுவே சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி விடுங்கள். ஒரு பக்கம் முட்டிக்கொண்டு நின்றால் புதுக்கிண்ணமும் அதே இடத்தில் விரியும். கிண்ணத்தின் முன்பக்க வாயும் கீழ்க்கதவும் நேருக்குநேர் இருக்க வேண்டும். சாம்பலை அள்ளிக் கொட்டும்போது இரும்பு வாளியில் மூடிபோட்டு ஒரு நாள் முழுக்க வையுங்கள். மேலே குளிர்ந்திருந்தாலும் உள்ளே கங்கு இருக்கும். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் நேராகக் கொட்டவே கூடாது.